நாற்பத்து மூன்று அடிகள்

ஈக்காட்டுத்தாங்கல், மூன்றாவது மாடி.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி.
அதன் பக்கத்து மேசைக்கு வந்து சேர்ந்தது
ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் இணையதளம்:
நாற்பத்து மூன்று பக்கங்கள், அத்தனையும் பிஎச்பி.
எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருடம்.

ஜெயபாரதி மேடம் கேட்டது ஒன்றே ஒன்று.
"போன் நம்பர் மாறிடுச்சு. மாத்திக் குடுங்க.
அஞ்சு நிமிஷ வேலைதானே?"

அஞ்சு நிமிஷம்தான்,
எண் ஓரிடத்தில் இருந்திருந்தால்.
திறந்த பக்கமெல்லாம் அதே தலை, அதே மெனு,
அதே அடி:
முகவரி, நேரம், தொலைபேசி,
மூடாமல் விட்ட அதே ஒரு டிவ்.
"தொடர்ப்புக்கு" என்று ஒரு ப் கூடிப்போன பிழைகூட
பக்கத்துக்குப் பக்கம் பத்திரமாக
இடம் மாறி வந்திருந்தது.

சரி, முறையாகச் செய்வோம் என்று வெட்டினேன்.
தலை ஒரு கோப்பு. அடி ஒரு கோப்பு.
எங்கே வேண்டுமோ அங்கே ஒரு வரி:
இன்க்ளூட்.
கிளைக்குக் கிளை மாறுவது பெயர் மட்டும்;
அதை ஒரு மாறியாக்கி உள்ளே அனுப்பினேன்.
பெரம்பூர் அனுப்பினால் பெரம்பூர் என்றது,
அண்ணா நகர் அனுப்பினால் அண்ணா நகர்.
மதியத்துக்குள் முப்பது பக்கம் இளைத்துவிட்டது.
டீக்கு இறங்கும்போது
படியில் ஆளில்லை என்று
விசிலடித்தேன்.

முப்பத்தொன்றாவது, வேளச்சேரி.
அழிக்குமுன் ஒப்பிட்டுப் பார்ப்பது என் பழக்கம்.
மற்றதெல்லாம் ஒரே அச்சு,
இது மட்டும் ஒரு வரி நீளம்.
ஒரு கைபேசி எண்.
அதன் மேல், பார்ப்பவர் திரையில் தெரியாத குறிப்பு:
ஆபீசுல தண்ணி. லேண்ட்லைன் அவுட். டெம்பரரி. செலஸ்டின்.
தேதி ஒரு டிசம்பர்.
எந்த டிசம்பர் என்று
இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்.

கோப்பை உள்ளே கொண்டுவருவதை
நாங்கள் அழைப்பது என்போம்.
ஆளைக் கூப்பிடுவதும் அழைப்பதுதான்.
அழைத்தேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.
"சுகர் டெஸ்ட்டா? வெறும் வயித்துல வாங்க.
ஏழு மணிக்குத் திறப்பாங்க."

யாரென்று சொன்னதும் சிரித்தார்.
அவருடைய சொந்த எண் அது.
இப்போது மாதவரத்தில், டைல்ஸ் குடோனில் கணக்கு.
"நாளைக்கு ரெண்டு, மூணு கால் வரும்.
முதல்ல ராங் நம்பர்னு சொல்லிப் பார்த்தேன்.
அதைச் சொல்ற நேரத்துல பதிலையே சொல்லிடலாம்.
தைராய்டுக்கு எவ்ளோன்னு மனப்பாடம் எனக்கு.
ரேட் ஏத்துனா மட்டும்
ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

ஒரு பக்கத்தில் மட்டும் ஏன் என்றேன்.
"நாப்பத்து மூணுலயும் மாத்தணும்னுதான் உக்காந்தேன்.
வேளச்சேரியிலதான் தண்ணி ஜாஸ்தி,
அதை முதல்ல போட்டேன்.
அடுத்ததைத் திறக்கறதுக்குள்ள
கரண்ட் போயிடுச்சு."

"இப்ப எடுத்துடவா சார்?"

அந்தப் பக்கம்
லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம்.
"எடுங்க, எடுங்க. தொல்லைதான்."
லாரி நின்றது.
"செவ்வாய்க்கிழமை ஒருத்தர்
ரிசல்ட் விஷயமா கூப்பிடறேன்னாரு.
அதுவரைக்கும் இருந்தா..."

ஆறு மணிக்கு முடித்தேன்.
டிவ்வை மூடினேன், ப்-பை எடுத்தேன்.
நாற்பத்து மூன்று பக்கங்களுக்கும் இனி ஒரே அடி;
எண் மாறினால் நிஜமாகவே அஞ்சு நிமிஷம்.
அந்தக் கோப்பின் நடுவில்
அழகைக் கெடுத்துக்கொண்டு ஒரு நிபந்தனை நிற்கிறது:
கிளை வேளச்சேரி எனில், கூடுதலாக இந்த வரி.

எனக்குப் பின்னால் வருகிறவருக்கு
அதன் தலைமாட்டில் எழுதிவைத்தேன்:
டெம்பரரி.
காரணம் தெரிய
கீழுள்ள எண்ணை அழைக்கவும்.